ஆர்.டி.ஐ.யில் கேட்ட நகலுக்கு நாலாயிரத்துச் சொச்சம் கட்டச் சொல்கிறார்கள், கட்டித்தான் ஆக வேண்டுமா?

வாய்க்கால்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊராட்சியில் கடந்த ஐந்து வருடத்தில் குடிநீர்க் குழாய் பதித்தது, தெருவிளக்கு வாங்கியது, நூறு நாள் வேலை என்று மூன்றுக்கும் ஆன செலவு விவரம், வவுச்சர், எம்-புக் (வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்), என்.எம்.ஆர். (வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பட்டியல்) எல்லாவற்றின் நகலும் வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு அனுப்பினேன். மாதம் முடியப் போகிற நேரத்தில் பதில் வந்திருக்கிறது, ஆனால் அதில் தகவல் எதுவும் இல்லை, பணம் கட்டச் சொல்லித்தான் கடிதம்.

ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் பக்கம் இருக்கிறதாம், பக்கத்துக்கு 2 ரூபாய், அது போக "ஆவணம் தேடி எடுத்தல் மற்றும் பணியாளர் செலவு" என்று தனியாக ஒரு தொகை, எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்கு மேல் வருகிறது. பதினைந்து நாளில் கட்டாவிட்டால் மனு முடித்து வைக்கப்படும் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறார்கள். எந்த ஆவணத்துக்கு எத்தனை பக்கம் என்று பிரித்துச் சொல்லவில்லை. யாரிடம் மேல்முறையீடு செய்வது என்றும் இல்லை.

எங்கள் தெருவில் குழாய் இருக்கிறது, தண்ணீர் வருவதில்லை. எத்தனை மீட்டர் பதித்ததாகக் கணக்கு, என்ன அளவுக் குழாய், யார் அளந்து கையெழுத்துப் போட்டார் என்று தெரிந்தால் கிராம சபையில் கையில் காகிதத்தோடு பேசலாம் என்பதுதான் எண்ணம். மொத்தமாக ஐந்து வருடத்துக்கும் கேட்டதற்குக் காரணம், எந்த வருடம் எந்தத் திட்டத்தில் எந்த வேலை நடந்தது என்று வெளியில் இருக்கிற எங்களுக்குத் தெரிய வழியே இல்லை. தெருக்காரர்கள் சேர்ந்து பணம் போடலாம் என்கிறார்கள், ஆனால் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களிடம் வசூல் செய்து, நூறு நாள் வேலைக் கணக்கைப் பார்க்கவே கொண்டுபோய்க் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்தப் பணியாளர் செலவு சட்டப்படி உண்டா? பாதி நகல் மட்டும் வாங்க முடியுமா? நேரில் போய்ப் பார்த்துவிட்டு வேண்டியதை மட்டும் எடுக்கலாம் என்கிறார்களே, அதற்கு என்ன வழி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பத்துரூபாய்வில்லை:

முதலில் ஒன்று, அவசரப்பட்டு முழுத்தொகையையும் கட்டிவிடாதீர்கள். அதற்காகக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு சும்மாவும் இருக்காதீர்கள். இரண்டுமே உங்களுக்குத்தான் நட்டம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 7(3) இதற்கென்றே இருக்கிறது. கூடுதல் கட்டணம் கேட்டால் எவ்வளவு என்று மட்டும் எழுதினால் போதாது. அந்தத் தொகை எப்படி வந்தது என்ற கணக்கையும் சேர்த்துத் தர வேண்டும். அந்தக் கட்டணத்தை மறு ஆய்வு செய்யக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்பதையும், யாரிடம், எத்தனை நாளுக்குள், எப்படி என்பதையும் அதே கடிதத்தில் எழுத வேண்டும். உங்களுக்கு வந்த கடிதத்தில் இவற்றில் பாதிக்கு மேல் இல்லை, ஆகவே அது சட்டப்படி முழுமையான கடிதமே இல்லை.

பணியாளர் செலவுக்கு வருகிறேன். தமிழ்நாட்டின் கட்டண விதிகளில் இருப்பது மிகக் குறைவு: மனுவுக்கு 10 ரூபாய், ஏ4 அல்லது ஏ3 பக்கத்துக்கு 2 ரூபாய், அதைவிடப் பெரிய தாள் (வரைபடம் மாதிரி) என்றால் உண்மையில் ஆகும் செலவு, குறுந்தகடு என்றால் 50 ரூபாய், நேரில் பார்வையிட முதல் ஒரு மணி நேரம் இலவசம், அதற்குப் பிறகு 5 ரூபாய்க் கணக்கில் ஒரு சொற்பக் கட்டணம். தேடி எடுத்த கூலி, எழுத்தர் சம்பளம், மின்சாரச் செலவு என்று எந்தத் தலைப்பும் அதில் கிடையாது. விதியில் இல்லாததை ஒரு அலுவலகம் தானாகக் கேட்க முடியாது. கட்டணம் நியாயமானதாக இருக்க வேண்டும் என்று பிரிவு 7(5) வேறு தனியாகச் சொல்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர் மனு போட்டால் மனுக் கட்டணமும் இல்லை, நகல் கட்டணமும் இல்லை என்பதும் அதே பிரிவுதான். ஆனால் அரிசி கார்டைக் காட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயர் இருப்பதற்கான சான்று நகலை இணைக்க வேண்டும். உங்கள் தெருவில் அப்படிச் சான்று உள்ளவர் யாராவது தன் பெயரில் கேட்க முன்வந்தால் அவருடைய உரிமையை அவர் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அவரைக் கூப்பிட்டு மிரட்ட ஆள் வரலாம், அதையும் யோசித்துவிட்டு இறங்குங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. பதில் தர 30 நாள். பணம் கேட்டுக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டுகிற நாள் வரை கடிகாரம் நிற்கும், புதிதாக முதலிலிருந்து ஓடாது. அதாவது 27ஆம் நாள் கடிதம் அனுப்பியிருந்தால், பணம் கட்டிய பிறகு அவர்களுக்கு மிச்சம் 3 நாள்தான். 30 நாள் கடந்த பிறகு அனுப்பியிருந்தால் பிரிவு 7(6)படி எல்லாமே இலவசமாகத் தர வேண்டும். அதனால் கடிதத்தில் போட்டிருக்கிற தேதியை நம்ப வேண்டாம், உறையை எடுத்துத் தபால் முத்திரையைப் பாருங்கள். ஸ்பீடு போஸ்ட் என்றால் எண்ணை வைத்து எப்போது அனுப்பினார்கள் என்று இணையத்தில் பார்த்து அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். முந்தைய தேதி போட்டுப் பிறகு அனுப்புவது நடக்கிற காரியம்தான்.

இப்போது என்ன செய்யலாம். பொது தகவல் அலுவலருக்கே ஒரு பதில் கடிதம் போடுங்கள்: ஆவணவாரியாகப் பக்க எண்ணிக்கை தேவை, பணியாளர் செலவு எந்த விதிப்படி கேட்கப்படுகிறது என்று தெரிவிக்கவும், நகல் எடுப்பதற்கு முன் ஆவணங்களைப் பிரிவு 2(ஜே)படி நேரில் பார்வையிட விரும்புகிறேன், நாளும் நேரமும் குறித்துத் தரவும். இவ்வளவு போதும். கூடவே, அந்தக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீட்டையும் போட்டுவிடுங்கள். பதில் கடிதம் போட்டோமே என்று காத்திருந்து இந்தக் கெடுவை விட்டுவிடக் கூடாது. தமிழ்நாட்டில் மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை, வில்லை ஒட்ட வேண்டியதில்லை. அதற்கு 30 நாளில், காரணம் எழுதி நீட்டித்தால் அதிகபட்சம் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் சரிவரவில்லை என்றால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு.

நேராக ஆணையத்துக்கே புகார் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். பிரிவு 18இல் நியாயமற்ற கட்டணம் கேட்டதையே காரணமாகக் காட்டிப் புகார் கொடுக்க இடம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் புகாரில் அதிகாரிக்கு அபராதம் போடத்தான் முடியும், தகவலைக் கொடு என்று உத்தரவிட முடியாது என்று 2011இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களுக்கு வேண்டியது காகிதம். அதனால் மேல்முறையீட்டு வழியில் போங்கள்.

ஓய்வுபெற்ற எழுத்தர்:

தம்பி, மேலே சொன்ன சட்டம் எல்லாம் சரி. நான் அரசு அலுவலகத்தில் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன், ஆர்.டி.ஐ. மனுக்களைக் கவனிக்கும் வேலையையும் பார்த்திருக்கிறேன், அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

மனு வந்ததும் அதை அந்தந்தப் பிரிவுக்குக் குறிப்பு போட்டு அனுப்புவோம். குழாய் வேலை ஒருவரிடம், நூறு நாள் வேலை வேறு ஒருவரிடம், எம்-புக் பொறியாளர் பிரிவில். பழைய வவுச்சர்கள் தணிக்கைக்குப் போயிருக்கும், அல்லது பதிவறையில் மூட்டையாகக் கிடக்கும். ஆர்.டி.ஐ.க்கென்று தனி ஆள் எந்த அலுவலகத்திலும் கிடையாது, வேறு நாலு வேலை பார்க்கிற ஒருவர் தலையில்தான் இதுவும் விழும். "ஐந்து வருட எல்லா ஆவணங்களும்" என்று ஒரு மனு வந்தால் யாரும் உட்கார்ந்து பக்கம் எண்ணுவதில்லை. உத்தேசமாக ஒரு எண்ணைப் போட்டுக் கட்டணக் கடிதம் தயார் செய்வார்கள். தொகையைப் பார்த்தே பத்துக்கு எட்டுப் பேர் திரும்பி வர மாட்டார்கள் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் இருபத்தைந்து நாள் சும்மா கிடந்த மனுவுக்குக் கடைசி வாரத்தில் கடிதம் கிளம்புகிறது. இது தவறு, இருந்த இடத்திலேயே நான் தவறு என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனால் உங்கள் மனுவின் அகலமும் அவர்களுக்குத்தான் உதவுகிறது. இப்படிச் செய்து பாருங்கள். முதல் மனுவில் நகலே கேட்காதீர்கள், பட்டியல் கேளுங்கள். இன்ன நிதியாண்டு முதல் இன்ன நிதியாண்டு வரை இந்த ஊராட்சியில் எடுக்கப்பட்ட குடிநீர்ப் பணிகளின் பெயர், திட்டத்தின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, நிர்வாக அனுமதி எண்ணும் தேதியும், ஒப்பந்ததாரர் பெயர், கொடுத்த தொகை. பணிப் பதிவேட்டில் இதெல்லாம் வரிசையாக இருக்கும், சில பக்கத்தில் முடிந்துவிடும். அது கைக்கு வந்ததும் உங்கள் தெருவுக்குப் பதித்த குழாய் எந்தப் பணி என்று பிடித்துக்கொள்ளலாம். பிறகு அந்த ஒரு பணிக்கு மட்டும் மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, பணி ஆணை, எம்-புக் பக்கங்கள், இறுதி பில், பணி முடிவுச் சான்று என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சாதாரணமாக ஒரு சின்ன வேலைக்கு முப்பது நாற்பது பக்கத்தைத் தாண்டாது. எண்பது ரூபாயில் முடிகிற விஷயம். அதற்கு "தேடி எடுக்கும் செலவு" என்று எழுத எவருக்கும் கை வராது.

எம்-புக் மிக முக்கியம். எத்தனை மீட்டர், எவ்வளவு ஆழம், எந்தத் தேதியில் அளந்தார்கள் எல்லாம் அதில்தான். வவுச்சர் மட்டும் வாங்கி வந்தால் பணம் கொடுத்தது தெரியும், வேலை நடந்ததா என்பது தெரியாது.

நேரில் பார்க்கப் போகும்போது ஒருவராகப் போகாதீர்கள், படித்த இன்னொருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். உதவிக்கு ஒருவர் வருவார் என்று முன்கூட்டியே கடிதத்தில் எழுதிவிடுங்கள். கைப்பேசியில் படம் எடுக்கச் சில இடங்களில் விடுவார்கள், சில இடங்களில் தடுப்பார்கள். குறிப்பெடுப்பதைத் தடுக்க முடியாது, சட்டத்திலேயே இருக்கிறது. கோப்பின் பக்க எண்ணைக் குறித்து வந்து "பக்கம் 14 முதல் 22 வரை சான்றிட்ட நகல் வேண்டும்" என்று அன்றைக்கே அங்கேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள், பிறகு யாரும் கோப்பில் தாள் இல்லை என்று சொல்ல முடியாது.

மேலூர்வாசி:

எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. 10 ரூபாய் 2 ரூபாய் என்பது பல வருடத்துக்கு முந்தைய கணக்கு. இன்றைக்குக் கடையில் ஒரு நகலுக்கே அதைவிட அதிகம் வாங்குகிறார்கள். வேண்டாதவரைப் பழிவாங்க நூறு மனு போடுகிறவர்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன், மனு போட்டுவிட்டு அப்புறம் ஒப்பந்ததாரரிடம் போய்ப் பேரம் பேசுகிறவர்களும் உண்டு. கட்டணத்தைக் கொஞ்சம் ஏற்றினால் உண்மையாகத் தேவைப்படுகிறவர்கள் மட்டும் வருவார்கள். அரசு ஊழியர்கள் நாள் முழுக்கத் தகவல் சேகரித்துக்கொண்டே இருக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே.

பத்துரூபாய்வில்லை:

சொல்லியிருக்கிறது, 2011இல் சி.பி.எஸ்.இ. வழக்கில். 75 சதவீத ஊழியர்கள் 75 சதவீத நேரத்தை இதில் செலவிடும் நிலை வரக்கூடாது என்ற கருத்து அந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது, ஒவ்வொரு அலுவலகமும் அதை மேற்கோள் காட்டும். ஆனால் தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று லட்சக்கணக்கான மாணவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டதும் அதே தீர்ப்புதான், அதைச் சேர்த்துச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

கட்டணத்தை ஏற்றினால் பேரம் பேசுகிறவன் நிற்கமாட்டான், ஏனென்றால் அவனுக்கு அது முதலீடு. நிற்கப் போவது மேலே கேள்வி கேட்டவரின் தெருக்காரர்கள். அலகாபாத் உயர் நீதிமன்றம் ஒரு மனுவுக்கு 500 ரூபாய் வைத்திருந்தது. அதை எதிர்த்துப் போன வழக்கில் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், மனுக் கட்டணம் பொதுவாக 50 ரூபாயைத் தாண்டக் கூடாது, நகலுக்குப் பக்கம் 5 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று எல்லை போட்டது. கட்டணத்தை வைத்து ஆளைத் துரத்துகிற வழக்கம் இருந்ததால்தானே நீதிமன்றம் எல்லை போட வேண்டி வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நகல் என்கிற இந்தக் காகிதத்துக்காகத்தான் இந்தச் சட்டத்தின் போராட்டமே தொடங்கியது. ராஜஸ்தானில் கூலி வேலை செய்த கிராமத்து ஆட்கள் எங்கள் பெயரில் எவ்வளவு கூலி எழுதியிருக்கிறீர்கள் காட்டுங்கள் என்று கேட்டார்கள், 1994இலிருந்து ஊர் ஊராக மக்கள் முன் கணக்கைப் படித்துக் காட்டும் கூட்டங்கள் நடந்தன. ஆவணத்தின் நகல் கேட்டு மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தது. பார்த்துவிட்டுப் போ என்றால் மறுநாள் பதிவேடே மாறிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். தமிழ்நாடும் இதில் பின்தங்கியது இல்லை, 1997லேயே நமக்குத் தனியாகத் தகவல் உரிமைச் சட்டம் இருந்தது, இந்தியாவில் மாநில அளவில் அதுதான் முதல். விதிவிலக்குகளை அடுக்கி வைத்திருந்ததால் அது பெரிதாக உதவவில்லை என்பது வேறு விஷயம்.

நூறு மனு போடுகிறவரைச் சமாளிக்க வழி கட்டணத்தில் இல்லை, பிரிவு 4இல் இருக்கிறது. கேட்காமலே வெளியிட வேண்டியவை என்று பட்ஜெட், செலவு, பயனாளிகள் பட்டியல் எல்லாம் அதில் சொல்லப்பட்டிருக்கின்றன. ஊராட்சி அலுவலகச் சுவரில் பணிகளின் பட்டியலை எழுதிப்போட்டிருந்தால் இந்த மனுவே வந்திருக்காது.

மேலூர்வாசி:

பிரிவு 4 விஷயம் ஒத்துக்கொள்கிறேன். மிரட்டிப் பணம் பறிக்கிறவர்களுக்கு என்ன செய்வது என்பது மட்டும் எனக்கு இன்னும் உறுத்தலாகத்தான் இருக்கிறது.

சுண்ணாம்புக்கால்வாய்:

இதோடு சேர்ந்த சந்தேகம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய கிரயப் பத்திரத்தின் நகல் வாங்க அவர்கள் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். அதையே ஆர்.டி.ஐ.யில் கேட்டால் பக்கம் 2 ரூபாய்க்குத் தர வேண்டாமா? பதிவு அலுவலகமும் அரசு அலுவலகம்தானே.

பத்துரூபாய்வில்லை:

நியாயமான கேள்வி, ஆனால் இங்கே நீதிமன்றங்கள் இரண்டு பக்கமும் பேசியிருக்கின்றன. ஒரு துறைக்குத் தனிச் சட்டம் இருந்து, அதில் பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் நகல் வாங்கலாம் என்று இருந்தால் அந்த வழியில்தான் போக வேண்டும் என்பது ஒரு பக்கம். கம்பெனிப் பதிவாளர் ஆவணங்களுக்கு 2012இல் டெல்லி உயர் நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. நீதிமன்ற வழக்குக் கோப்புகளுக்கு 2020 மார்ச்சில் குஜராத் உயர் நீதிமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது: நகலுக்கு உயர் நீதிமன்ற விதிப்படிதான் மனு போட வேண்டும். பதிவுச் சட்டம் 1908இன் பிரிவு 57 பணம் கட்டிப் புத்தகத்தைப் பார்க்கவும் நகல் பெறவும் வழி வைத்திருப்பதால் சார்பதிவாளர்கள் இதே காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள்.

மறுபக்கம், கம்பெனி செக்ரட்டரி படிப்புக்கான நிறுவனம் விடைத்தாள் நகலுக்கு 500 ரூபாய் வைத்திருந்தது. 2019இல் உச்ச நீதிமன்றம், நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி வாங்கினால் 500, ஆர்.டி.ஐ.யில் கேட்டால் ஆர்.டி.ஐ. கட்டணம்தான், எந்த வழி என்பது தேர்வு எழுதியவர் விருப்பம் என்று தீர்ப்பளித்தது. அங்கே இருந்தது நிறுவனம் தானே போட்டுக்கொண்ட வழிகாட்டுதல், பதிவுத் துறைக்கு இருப்பது சட்டம், வித்தியாசம் அதுதான். உங்களுக்குப் பத்திர நகல் அவசரம் என்றால் பதிவுத் துறை வழியிலேயே வாங்கிவிடுங்கள். வில்லங்கம் பார்க்க மட்டும் என்றால் பதிவுத் துறை இணையதளத்தில் காசு இல்லாமலே பார்க்கலாம், பட்டா சிட்டாவும் அப்படித்தான்.

பனங்கூடல்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் எப்படி என்று சொன்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். இலங்கையில் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பத்துக்குக் காசே இல்லை. போட்டோகொப்பியில் ஏ4 அளவில் முதல் நாலு பக்கம் இலவசம், அதற்கு மேல் ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய். நேரில் பார்வையிட முதல் ஒரு மணித்தியாலம் இலவசம், பிறகு மணித்தியாலத்துக்கு 50 ரூபாய். மின்னஞ்சலில் அனுப்பினால் அதற்கும் காசில்லை, அதனால் நான் எப்போதும் மின்னஞ்சலில் தரும்படிதான் கேட்பேன். 14 வேலைநாளில் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும்.

கட்டண விவரத்தையும் தகவல் அலுவலர் யார் என்பதையும் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி அலுவலகத்தில் எழுதிப்போட வேண்டும் என்று எங்கட சட்டத்திலேயே இருக்கிறது. சில பிரதேச செயலகங்களில் அந்தப் பலகையை நானும் பார்த்திருக்கிறேன், பலகை இருக்கிற இடத்தில் அலுவலர்களும் கூடுதல் காசு பற்றிப் பேச மாட்டார்கள். ஆனால் காணி விடயம் என்று வந்துவிட்டால் எங்கேயும் இழுத்தடிப்புத்தான். இராணுவம் பிடித்து வைத்திருக்கிற காணியின் விவரம் கேட்டால் தேசிய பாதுகாப்பு என்று பதில் வரும். அங்கே கட்டணம் ஒரு பிரச்சினையே இல்லை, காசு எவ்வளவு கேட்டாலும் கட்டத் தயாராகச் சனம் நிற்கிறது, கடதாசிதான் வராது.

வாய்க்கால்கரை:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. உறையை எடுத்துப் பார்த்தேன், கடிதத்தில் உள்ள தேதிக்கும் முத்திரைத் தேதிக்கும் சில நாள் வித்தியாசம் இருக்கிறது, ஆனாலும் 30 நாளுக்குள்தான் வருகிறது. ஆகவே இலவசம் என்று கேட்க முடியாது. பணியாளர் செலவையும் கணக்கு இல்லாததையும் வைத்து மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறேன், ஐயா சொன்ன மாதிரி பணிகளின் பட்டியலுக்குத் தனியாகப் புது மனுவும் போடுகிறேன். பனங்கூடல் அண்ணா, நீங்கள் சொன்ன காணி விஷயம் மனதை என்னவோ செய்கிறது.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. எங்கள் ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் முடிந்து இப்போது தனி அலுவலர் பொறுப்பில் இருக்கிறது. பழைய தலைவர் காலத்து ஆவணம் எங்களிடம் ஒப்படைக்கப்படவில்லை என்று வாய்மொழியாகச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியுமா? நூறு நாள் வேலைக் கணக்குக்கும் இப்படியே சொல்வார்களோ?

ஓய்வுபெற்ற எழுத்தர்:

தப்பிக்க முடியாது தம்பி. 27 மாவட்டங்களில் 2025 ஜனவரியோடு தலைவர்களின் காலம் முடிந்து இதே நிலைதான், நிறைய இடத்தில் இந்தப் பதிலைச் சொல்கிறார்கள். ஆவணம் தலைவர் வீட்டுச் சொத்து அல்ல, ஊராட்சியின் ஆவணம். பொறுப்பு மாறும்போது என்னென்ன ஒப்படைத்தார்கள் என்று பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும், அந்த ஒப்படைப்புப் பட்டியலின் நகலையே புது மனுவில் ஒரு கேள்வியாகச் சேர்த்துவிடுங்கள். அதைக் கேட்டாலே பாதி ஆவணம் தானாகக் கிடைத்துவிடும். மேலும் மதிப்பீடு, எம்-புக் இரண்டும் ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் பிரிவில் இருப்பவை, தலைவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வாய்மொழியாகச் சொல்வதை ஏற்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

நூறு நாள் வேலைக்கு உங்களுக்கு இன்னும் வசதி. 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்தின் பிரிவு 17(3), சமூகத் தணிக்கைக்காக என்.எம்.ஆர்., பில், வவுச்சர், எம்-புக், அனுமதி ஆணைகள் எல்லாவற்றையும் கிராம சபை முன் வைக்க ஊராட்சியைக் கட்டாயப்படுத்துகிறது. நீங்கள் கேட்கிற வருடங்களுக்கெல்லாம் அந்தச் சட்டம்தான். என்.எம்.ஆர். விவரம் அந்தத் திட்டத்தின் இணையதளத்திலேயே ஊராட்சிவாரியாக இருக்கிறது, அதற்கு ஒரு ரூபாய் கூடக் கட்ட வேண்டாம். நிதிக்குழு மானியத்தில் நடந்த செலவுகளின் வவுச்சர்களை இ-கிராம்ஸ்வராஜ் தளத்தில் பார்க்கலாம். ஜல் ஜீவன் தளத்தில் உங்கள் ஊரில் எத்தனை வீட்டுக்கு இணைப்பு கொடுத்ததாகக் கணக்கு என்று தெரியும். இதையெல்லாம் முதலில் அச்செடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்துக்கு மட்டும் மனு போடுங்கள்.

மேல்முறையீட்டில் நீளமாக எழுத வேண்டாம். கடிதத்தின் எண், தேதி, பிரிவு 7(3)படி கணக்கு தரப்படவில்லை, பணியாளர் செலவு கட்டண விதிகளில் இல்லை, ஆவணங்களைப் பார்வையிட நாள் ஒதுக்க உத்தரவிட வேண்டும், இந்த நான்கு விஷயம் போதும். தெருவில் தண்ணீர் வராத கதை அதில் வேண்டாம், தகவலை ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று பிரிவு 6(2) சொல்கிறது, நாமாகச் சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு வேறு பதில் எழுதுவார்கள். அசல் கடிதத்தையும் உறையையும் அனுப்பிவிடாமல் நகலை மட்டும் இணையுங்கள். பதிவுத் தபால் இப்போது ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டதால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

வாய்க்கால்கரை:

சரி ஐயா. ஒப்படைப்புப் பட்டியலையும் சேர்த்துவிட்டேன். இணையதளத்தில் என்.எம்.ஆர். பார்க்க ஆரம்பித்திருக்கிறோம், பெயர்களைத் தெருவாரியாகப் பிரித்து இரண்டு பேர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மேல்முறையீட்டுக்குப் பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.